மொலக்காய் தீவின் முதல் தொண்டூழியர் யார்?



"தொண்டு செய்யப் போகிறவர் எதைக் கொண்டு போக வேண்டும்?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உடன் பேசியவர்கள் நிதி, பயிற்சி, நேரம் என்று பயனுள்ள பல கருத்துகளைச் சொன்னார்கள். நான் வரலாற்றிலிருந்து ஒரு தீவை எடுத்துக்கொண்டேன். அங்கே நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து, அந்த உரையை இந்தப் பக்கத்துக்கு ஏற்ப எழுதித் தருகிறேன்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கிறது ஹவாய்த் தீவுக்கூட்டம். அதில் ஒன்று மொலக்காய். அந்தத் தீவின் வடக்குக் கரையில், நாக்கு நீட்டியதுபோல் ஒரு சிறு நிலப்பகுதி கடலுக்குள் நீண்டிருக்கிறது. மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல். நான்காவது பக்கம் சுமார் 2,000 அடி உயரத்தில் சுவர்போல் நிற்கும் செங்குத்துப் பாறை. அதன் ஒரு கரையில் கலாவாவ் என்ற ஊர், மறு கரையில் கலௌபாபா என்ற ஊர். தீவுக்குள்ளே இன்னொரு தீவு என்றே சொல்லலாம்.

தொழுநோயாளர்களுக்காக உயிரைக் கொடுத்த பாதிரியார் டேமியனின் ஊர்தானே அது என்று வாசகர்களில் பலர் கேட்பீர்கள். ஆம், அதே ஊர்தான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரைத் தமியான் என்று அழைப்பார்கள். பள்ளிப் பாடங்களிலும் ஆலய மறையுரைகளிலும் அவர் கதையைக் கேட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. 1873-ஆம் ஆண்டு அவர் தீவில் வந்து இறங்குவதோடு அந்தக் கதை தொடங்கும். நான் கேட்க விரும்புவது வேறு ஒரு கேள்வி. அவர் வந்து இறங்கியபோது கரையில் நின்றிருந்தவர்கள் யார்? அதற்கு முன்பு ஏழு ஆண்டுகளாக அங்கே நோயாளிகளைக் கழுவி, துடைத்து, உணவு ஊட்டியவர்கள் யார்?

பிரிக்கும் நோய்

கதையின் தொடக்கத்துக்குப் போவோம். 19-ஆம் நூற்றாண்டில் ஹவாய் ஒரு சுதந்திர அரசு. சொந்த மன்னர், சொந்த நாடாளுமன்றம், சொந்த மொழியில் நாளிதழ்கள் எல்லாம் இருந்தன. ஆனால் கப்பல்கள் கொண்டுவந்த நோய்கள் அந்த மக்களை வாரிக்கொண்டு போயின. 1853-இல் பரவிய பெரியம்மை மட்டுமே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அந்த அச்சத்தின் நடுவேதான் தொழுநோயும் பரவத் தொடங்கியது. அன்று அதற்கு மருந்து கிடையாது. எப்படித் தொற்றுகிறது என்றும் யாருக்கும் தெரியாது.

1865-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழுநோய் கண்டவர்களைப் பிடித்துத் தனி இடத்தில் வைக்க அது அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ஒன்பது ஆண்கள், மூன்று பெண்கள் என 12 நோயாளிகள் மொலக்காயில் இறக்கிவிடப்பட்டார்கள். அன்று தொடங்கி 1969-ஆம் ஆண்டு வரை அந்தச் சட்டத்தின் வழியில் அங்கே அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்வகுடி மக்கள்.

அந்த மக்கள் இந்த நோய்க்கு வைத்த பெயர்களில் ஒன்றின் பொருள், "பிரிக்கும் நோய்" என்பதாகும். புண்ணையும் வலியையும் விட்டுவிட்டு, பிரிவைக் கொண்டு ஒரு நோய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், எது அவர்களை அதிகம் வாட்டியது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். கணவனிடமிருந்து மனைவி, தாயிடமிருந்து பிள்ளை என்று பிரித்துக் கொண்டுபோய் அந்தப் பாறைக்கு அடியில் விட்டது சட்டம்.

அரசாங்கத்தின் திட்டம் காகிதத்தில் நன்றாகவே இருந்தது. நோயாளிகள் அங்கே பயிர் செய்து தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சுகாதார வாரியம் எதிர்பார்த்தது. விரல்கள் மரத்துப்போன, நடக்க முடியாத மனிதர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. தங்குவதற்கு நல்ல வீடுகள் இல்லை. குடிநீர் எட்டத்தில் இருந்தது. உணவும் போதவில்லை. இறப்பு அன்றாட நிகழ்வாயிற்று.

கோக்குவா என்ற சொல்

இந்த இடத்தில்தான் நாம் ஒரு ஹவாய்ச் சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சொல் கோக்குவா. உதவி என்றும் உதவுகிறவர் என்றும் அதற்குப் பொருள். இன்றும் ஹவாயில் புழங்கும் சொல் அது.

மொலக்காயில் இந்தச் சொல் ஒரு தனிப்பொருள் பெற்றது. நோய் இல்லாமலே, நோயாளியான கணவனோடோ மனைவியோடோ பிள்ளையோடோ கூடவே போனவர்களைக் கோக்குவா என்று அழைத்தார்கள். இவர்களை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தங்களுக்கும் தொற்றலாம் என்று அறிந்தே போனார்கள். புண்ணுக்குக் கட்டுப்போட்டவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், இறந்தவர்களைப் புதைத்தவர்கள் அவர்களே. தொடக்க ஆண்டுகளிலேயே அவர்கள் அங்கே இருந்தார்கள். மொலக்காயின் முதல் தொண்டூழியர்கள் யார் என்று கேட்டால், என் பதில் இந்தக் கோக்குவாக்கள்தாம்.

அவர்களோடு இன்னும் சிலரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நிலப்பகுதி ஆளில்லாத இடமாக இருக்கவில்லை. பல நூறு ஆண்டுகளாக அங்கே மக்கள் வாழ்ந்துவந்தார்கள். அவர்கள் விளைவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தங்கவேட்டைக் காலத்தில் கலிபோர்னியா வரைக்கும் கப்பலேறியிருக்கிறது. குடியேற்றத்துக்காகக் கலாவாவ் பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். கலௌபாபா பக்கத்தில் எஞ்சியிருந்தவர்கள் தொடக்க காலத்தில் நோயாளிகளுக்குக் கைகொடுத்தார்கள். அவர்களும் 1895-இல் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலத்தை இழந்த இவர்களுடைய பெயர்களை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை.

கோக்குவாக்களை அரசாங்கம் எப்படி நடத்தியது? சில காலம் அனுமதித்தது, சில காலம் மறுத்தது. நோயாளிக்கு என்று ஒதுக்கிய உணவை இவர்களும் உண்கிறார்கள் என்பது அதிகாரிகளின் குறை. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் கூடுதல் செலவு. நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்தாலோ, அவர்கள் இல்லாமல் ஒரு நாளும் நகராது.

நீதிபதியாக இருந்தவர்

ஒருவரை மட்டும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறேன். ஜோனத்தன் நாபேலா. மாவி தீவில் பிறந்தவர், படித்தவர், நீதிபதியாக இருந்தவர். மோர்மன் சமயத்தில் சேர்ந்து, அந்தச் சமயத்தின் திருநூலை ஹவாய் மொழிக்குக் கொண்டுவர உதவியவர். ஊரில் மதிப்பும் செல்வாக்கும் பெற்ற மனிதர்.

அவருடைய மனைவி கிட்டிக்குத் தொழுநோய் வந்தது. 1873-ஆம் ஆண்டு கிட்டி மொலக்காய்க்கு அனுப்பப்பட்டபோது நாபேலாவும் கோக்குவாவாகக் கூடவே போனார். சுகாதார வாரியம் அவரைக் குடியேற்றத்தின் பொறுப்பாளராக நியமித்தது. சில மாதங்களில் அந்தப் பதவி அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. பதவி போனதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. மனைவியை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் அவருடைய அச்சம். நலத்திலும் நோயிலும் காப்பேன் என்று திருமணத்தின்போது கொடுத்த வாக்கை எடுத்துச் சொல்லி, அங்கேயே தங்க அனுமதி கேட்டு வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். அனுமதி கிடைத்தது.

ஆறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். மனைவியையும் பார்த்துக்கொண்டு, தம் சமயத்தைச் சேர்ந்த நோயாளிகளுக்கும் வழிகாட்டினார். பாதிரியார் டேமியனோடு நட்புடன் பழகினார். இருவரும் வெவ்வேறு சமயத்தினர். ஆனால் செய்த வேலை ஒன்றே. நாபேலாவுக்கும் நோய் தொற்றியது. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் இறந்தார். அதே மாதத்தில் கிட்டியும் இறந்துபோனார். டேமியன் இறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, அதே மண்ணில், அதே நோயால், தாமாக விரும்பி வந்த ஒருவர் உயிர் கொடுத்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

டேமியன் வந்த நாள்

இனி டேமியனிடம் வருவோம். அவருடைய பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. கரையில் இருந்தவர்களை அறிந்த பிறகு பார்த்தால் அவர் இன்னும் தெளிவாகத் தெரிகிறார் என்பது என் எண்ணம்.

பெல்ஜியத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1840-இல் பிறந்தவர் அவர். 1864-இல் ஹவாய் வந்தார். 1873-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், ஆயருடன் கலாவாவில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. நான்கு குருமார்கள் மாறி மாறி அங்கே போய்த் தங்குவது என்பதுதான் முதல் ஏற்பாடு. முதலில் போனவர் டேமியன். போனவர் திரும்பவில்லை.

தங்க வீடு இல்லாததால் முதல் இரவுகளில் ஒரு மரத்தடியில் படுத்தார். அது நம் ஊர்த் தாழையின் இனத்தைச் சேர்ந்த மரம். அவர் தனியாக வெறும் பாலைவனத்துக்கு வந்துவிடவில்லை. அவருக்கு முந்திய ஆண்டே கட்டப்பட்ட ஒரு சிறு கத்தோலிக்க ஆலயம் அங்கே இருந்தது. அதற்கும் முன்னால், 1866-ஆம் ஆண்டிலேயே, நோயாளிகள் 35 பேர் ஒன்றுகூடிச் சிலோவாமா என்ற பெயரில் தங்களுக்கென ஒரு திருச்சபையை அமைத்திருந்தார்கள். 1871-இல் அதற்கு ஆலயமும் எழுந்துவிட்டது. நாட்டைவிட்டு ஒதுக்கப்பட்டு, சாகப் போகிறோம் என்று தெரிந்தவர்கள், முதல் ஆண்டிலேயே கூடி ஓர் அமைப்பை உருவாக்கியிருக்கிறார்கள்.

அதே 1873-இல் வந்த நோயாளிகளில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் பீட்டர் கயேயோ. எம்மா அரசியின் உறவினர், நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். அங்கிருந்து அவர் அரசிக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. உணவுத் தட்டுப்பாடு, அன்றாடச் சாவுகள், அண்டை அயலார் என்று அந்த ஊரின் வாழ்க்கையே அவற்றில் பதிவாகியிருக்கிறது. இன்னொருவர் வில்லியம் ராக்ஸ்டேல். நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாவன்மை மிக்கவர். தமக்கு நோய் இருப்பதை அறிந்ததும் தாமே அதிகாரிகளிடம் ஒப்படைத்துக்கொண்டு மொலக்காய் வந்தார். நாபேலாவுக்குப் பிறகு குடியேற்றத்தின் கண்காணிப்பாளராகி, 1877-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

டேமியன் வருமுன் அங்கே ஒழுங்கும் சட்டமும் அறவே இல்லை என்று பழைய நூல்கள் பல சொல்லும். துன்பமும் குழப்பமும் இருந்தது உண்மைதான். ஆனால் நோயாளிகள் ஹவாய் மொழியில் எழுதிய கடிதங்களையும் மனுக்களையும் அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் எடுத்துப் படித்திருக்கிறார்கள். உணவு வேண்டும், மருத்துவர் வேண்டும், துணையாளரை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டு எழுதிய ஒரு சமூகம் அவற்றில் தெரிகிறது. கைகட்டிக் காத்திருந்த கூட்டமாக அவர்கள் இருக்கவில்லை.

அப்படியானால் டேமியன் செய்தது என்ன? தச்சு வேலை தெரிந்த அவர், நோயாளிகளையே உடன் சேர்த்துக்கொண்டு வீடுகள் கட்டினார். குழாய் வழியே குடிநீர் வரப் பாடுபட்டார். நூற்றுக்கணக்கில் சவப்பெட்டிகள் செய்தார். புண்ணுக்குக் கட்டுப்போட்டார். அவர்களோடு உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் கை நனைத்துச் சாப்பிட்டார். நோயாளிகளைத் தொட வேண்டாம் என்று மேலிடம் சொல்லியிருந்தும் தொட்டார். கோக்குவாக்கள் தங்கள் சொந்தங்களுக்கு என்ன செய்துவந்தார்களோ, அதையே சொந்தம் இல்லாதவர்களுக்கு அவர் செய்தார். அவருடைய பெருமை இங்கேதான் இருக்கிறது.

நாங்களா, நாமா?

டேமியன் வந்த ஆண்டிலேயே தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. மறையுரையில் மக்களைச் "சகோதரர்களே" என்று அழைக்காமல், தம்மையும் சேர்த்து "தொழுநோயாளிகளாகிய நாம்" என்று பேசுவதாக எழுதினார். அப்போது அவருக்கு நோய் இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழில் இரண்டு. கேட்பவரை விலக்கினால் நாங்கள், கேட்பவரையும் சேர்த்தால் நாம். மலாய் மொழியிலும் காமி, கித்தா என்று இரண்டு இருப்பது நமக்குத் தெரியும். ஹவாய் மொழியிலும் அதே வேறுபாடு உண்டு. எனவே அந்த மக்களிடம் பேச வரும் எவரும், ஒவ்வொரு முறையும் நாங்களா, நாமா என்று முடிவு செய்துதான் வாய் திறக்க முடியும்.

1885-இல் டேமியனுக்குத் தொழுநோய் உறுதிப்பட்டது. 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், 49-ஆவது வயதில் இறந்தார். முதலில் படுத்துறங்கிய அதே தாழை மரத்தருகில் அவரை அடக்கம் செய்தார்கள். 1936-இல் உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டு போகப்பட்டது. 1995-இல் அவருடைய வலது கை மட்டும் திரும்பி வந்து பழைய கல்லறையில் வைக்கப்பட்டது. 2009-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அவர் இறந்த அடுத்த மாதம், புகழ்பெற்ற எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் மொலக்காய் வந்து ஒரு வாரத்துக்கு மேல் தங்கினார். பின்னர் ஹொனலூலுவைச் சேர்ந்த ஒரு போதகர் டேமியனைப் பழித்து எழுதியது வெளிவந்தபோது, 1890-இல் ஸ்டீவன்சன் சுடச்சுடப் பதில் எழுதினார். உலகமே அந்த விவாதத்தைப் படித்தது. பழித்தவரும் வெளியிலிருந்து வந்தவர், காத்தவரும் வெளியிலிருந்து வந்தவர், பேசுபொருளும் வெளியிலிருந்து வந்தவரே. அந்த விவாதத்தில் தீவின் மக்கள் பேச யாரும் இடம் ஒதுக்கவில்லை. ஆம்புரோஸ் ஹட்சிசன் என்ற நோயாளி 1879-இல் அங்கே வந்து, பல ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்து, 1932 வரை வாழ்ந்தார். டேமியனை நேரில் அறிந்தவர். தம் நினைவுகளை எழுதியும் வைத்தார். ஸ்டீவன்சனைப் படித்தவர்களில் மிகச் சிலரே ஹட்சிசனைப் படித்திருப்பார்கள்.

தங்கிவிட்ட இருவர்

டேமியனுக்கு உதவ வந்தவர்களில் இருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோசப் டட்டன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். மண வாழ்க்கை முறிந்து, குடியில் சில காலம் வீழ்ந்து, பின் மனம் மாறியவர். 1886-ஆம் ஆண்டு ஜூலையில் ஊதியம் எதுவும் கேட்காமல் வந்து இறங்கினார். ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தினார். 44 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1908-இல் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கப் போர்க்கப்பல்கள், அதிபரின் உத்தரவுப்படி தம் வழியை மாற்றி, அவரைக் கௌரவிக்க மொலக்காய்க் கரையோரம் அணிவகுத்துச் சென்றன. 1931-இல் ஹொனலூலுவில் காலமானார்.

இன்னொருவர் அன்னை மரியேன் கோப். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கன்னியாஸ்திரி. மருத்துவமனை நிர்வாகத்தில் தேர்ந்தவர். ஹவாய் அரசு 1883-இல் உதவி கேட்டபோது, 50-க்கும் மேற்பட்ட துறவுச் சபைகள் மறுத்தன. மரியேன் இசைந்து, ஆறு சகோதரிகளுடன் வந்தார். 1888 நவம்பரில் கலௌபாபா போனார். பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான இல்லத்தைப் பொறுப்பேற்றார். தூய்மையிலும் கை கழுவுவதிலும் கண்டிப்பானவர். தம் சகோதரிகள் எவருக்கும் நோய் வராது என்று உறுதி சொன்னார், அப்படியே யாருக்கும் வரவில்லை. சிறுமிகளுக்கு அழகான ஆடைகள் தைத்து அணிவித்தார். நோயாளிக்கு உணவும் மருந்தும் போதும் என்று மற்றவர்கள் நினைத்த காலத்தில், ஒரு பெண்பிள்ளைக்கு நல்ல உடை உடுத்தும் ஆசை இருக்கும் என்று அவர் நினைத்தார். 1918-இல் அங்கேயே இறந்தார். 2012-இல் அவரும் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இந்த மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூவருமே போனார்கள், தங்கினார்கள். போவது ஒரு நாள் செய்தி. தங்குவதைத்தான் கோக்குவாக்கள் முதலில் செய்து காட்டினார்கள்.

அனுமதி மறுக்கப்பட்டபோது

கூடவே போகும் உரிமை எவ்வளவு பெரியது என்பதற்கு இன்னொரு சான்று. 1893-இல் ஹவாய் அரசி பதவியிலிருந்து அகற்றப்பட்டு, புதிய இடைக்கால அரசு வந்தது. அந்த ஆண்டு கவாய் தீவில் கோவொலாவ் என்ற மாடு மேய்க்கும் தொழிலாளிக்குத் தொழுநோய் கண்டது. மனைவி பீலானி கோக்குவாவாக வரலாம் என்றால் மொலக்காய்க்குப் போக அவர் தயார். அனுமதி மறுக்கப்பட்டது. மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு கலலாவ் பள்ளத்தாக்கில் ஒளிந்தார். பிடிக்க வந்த அதிகாரி ஒருவர் அவருடைய துப்பாக்கிக்குப் பலியானார். படை வந்தது, பீரங்கியும் வந்தது. பிடிக்க முடியவில்லை. மகனும் பின்னர் கணவரும் நோயால் இறக்க, பீலானி தன் கையால் இருவரையும் புதைத்துவிட்டு ஊர் திரும்பினார். அவர் சொன்ன வரலாறு 1906-இல் ஹவாய் மொழியில் நூலாக வந்தது. துப்பாக்கி தூக்கியது சரியா தவறா என்று நாம் வாதிடலாம். ஆனால் அந்தக் குடும்பம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சேர்ந்திருக்க விடுங்கள் என்பது.

கலௌபாபாவில் நோயாளிகள் மணந்துகொண்டார்கள். பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகள் உடனே எடுத்துச் செல்லப்பட்டு வேறு இடங்களில் வளர்க்கப்பட்டன. 1873-ஆம் ஆண்டிலேயே, அதாவது டேமியன் வந்த அதே ஆண்டில், நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். பெரும்பாலான மனிதர்களுக்கு அந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு என்று இன்று நமக்குத் தெரியும். 1940-களில் சல்போன் மருந்துகள் வந்தன. நோய் குணமாகத் தொடங்கியது. ஆனாலும் கலௌபாபாவில் தனிமைச் சட்டம் நீங்க 1969 வரை ஆனது. நீங்கிய பிறகும் பலர் அங்கேயே தங்க விரும்பினார்கள். அதற்குள் அதுவே அவர்களுடைய ஊராகிவிட்டிருந்தது. 1980-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே புதைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரின் கல்லறைகளில் பெயர் இல்லை. அந்த ஏறத்தாழ 8,000 பேருக்கும் பெயர் பொறித்த நினைவுச் சின்னம் எழுப்ப 2009-இல் அமெரிக்கச் சட்டம் இசைவு தந்தது. அதைக் கேட்டுப் போராடியவர்களில் முன்னாள் நோயாளிகளும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் முன்னணியில் நின்றார்கள்.

நம் பக்கத்துத் தீவும் நம் மரத்தடியும்

ஹவாய்க் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜெரஜாக் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளர் இல்லம் இருந்தது. கப்பலில் வந்த குடியேறிகளைத் தனிமைப்படுத்தி வைத்த நிலையமும் அங்கே இருந்தது. நம் முன்னோர்களில் பலர் மலாயா மண்ணில் முதலில் கால் வைத்தது அந்தத் தீவில்தான். பின்னர் 1930-இல் சுங்கை பூலோவில் பெரிய குடியேற்றம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று பூச்செடி வாங்க அந்தப் பக்கம் போகும் பலருக்கு, அந்தச் செடித் தோட்டங்களைத் தொடங்கியவர்கள் அங்கே குணமடைந்த நோயாளிகள் என்பது தெரியாது. அவர்களும் கைகட்டிக் காத்திருந்தவர்கள் அல்லர்.

தமிழ்நாட்டோடும் இந்தக் கதைக்கு உறவு உண்டு. 1955-இல், டேமியனின் நாடான பெல்ஜியத்திலிருந்து வந்த மருத்துவர் ஹெமரிக்ஸ், செங்கல்பட்டுப் பக்கம் போளம்பாக்கத்தில் தொழுநோய் மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய மருத்துவர் கிளேர் வெல்லூட் இந்தியக் குடியுரிமை பெற்று, அந்த மண்ணுக்கே உரியவராக வாழ்ந்தார். அவர்கள் நோயாளியை ஊரைவிட்டுக் கொண்டுபோகவில்லை. ஊருக்கு ஊர் போய் மரத்தடியில் உட்கார்ந்து மாத்திரை கொடுத்தார்கள். நோயாளி மாத்திரை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்கே போனார். மொலக்காயில் மக்கள் பல்லாண்டு கேட்டும் கிடைக்காதது அந்த மரத்தடியில் கிடைத்தது. பிரிக்கும் நோய் என்ற பெயருக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

போகுமுன் மூன்று கேள்விகள்

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் வட்டாரத்தில் தொண்டூழிய உணர்வு பெருகியது. பள்ளி மாணவர்கள், இளைஞர் அமைப்புகள், ஆலயங்கள் என்று பலரும் கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் போகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம் இது. தொலைக்காட்சித் துறையில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் அவர்களோடு படக்கருவியையும் கொண்டு போகிறோம். படகு கரையைத் தொடும் காட்சியில் நிகழ்ச்சியைத் தொடங்குகிறோம். கரையில் நிற்பவர்கள் பின்னணியில் தெரிகிறார்கள். மொலக்காயின் வரலாறும் நெடுங்காலம் இப்படித்தான் சொல்லப்பட்டது.

ஆகவே போகிறவர்கள் பையில் எதைக் கொண்டு போனாலும், மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, நான் வருமுன் இந்த வேலையை இங்கே யார் செய்துகொண்டிருந்தார்? யாரோ ஒருவர் நிச்சயம் செய்திருப்பார். முதியவரைக் குளிப்பாட்டும் மருமகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடும் அக்காள் என்று யாராவது இருப்பார்கள். தோட்டப்புற லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது, அவர்கள் கேட்பது என்ன? நாம் கொடுக்க விரும்புவதும் அவர்கள் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்றாவது, நான் போன பிறகு அவருடைய சுமை குறையுமா? இரண்டு நாள் தங்கியிருக்கும் நமக்குச் சமைத்துப் போடுவதே அவருக்குப் புதிய சுமையாகிவிடக் கூடாது.

டேமியன், டட்டன், மரியேன் ஆகியோரின் பெயர்களை நம் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து சொல்லுவோம். கூடவே நாபேலாவின் பெயரையும் கிட்டியின் பெயரையும் பீலானியின் பெயரையும் சொல்லுவோம். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான கோக்குவாக்களைப் பற்றியும் சொல்லுவோம். உங்கள் குடும்பத்திலோ தோட்டத்திலோ அப்படிக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் இருந்தால், அவர்களுடைய பெயர்களை இந்த வாரமே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.